இரண்டாவது வரி

ஜூன் 6

தம்பிக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் அக்காவுக்குப் போன் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டதா என்று நினைப்பாய். மறக்கவில்லை. போன் இருப்பது கூடத்தில், உன் அத்தானின் கட்டிலுக்குத் தலைமாட்டில். நான் பேசுவது அத்தனையும் அவர் காதில் விழுகிறது. போன மாதம் நீயும் நானும் போட்ட சண்டை முழுவதையும் கேட்டுக்கொண்டு கிடந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கக்கூட முடியாத மனுஷன், கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். "எல்லாம் என்னாலதான" என்று ஒரு வார்த்தை. அப்புறம் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அதனால் என் வேலை விஷயம் எதையும் இனிமேல் போனில் பேசாதே. எழுது. மெயிலும் வேண்டாம், உங்கள் கண்காணிப்பாளர் எல்லோருடைய மெயிலையும் திறந்து பார்ப்பார் என்று நீதான் சொன்னாய்.

விஷயம் இதுதான். அவர் ஏணியிலிருந்து விழுந்த பிறகு, வீட்டிலேயே உட்கார்ந்து டைப் செய்ய எனக்கு அனுமதி கொடுத்தார்கள் அல்லவா. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்கிறேன், அடிக்கிறேன், நோயாளியை அனுப்பிய சின்ன மருத்துவ மையத்துக்கு ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்ப வேண்டும். அடிப்பது வரை சரி. அனுப்பு என்று அழுத்தினால் உன் சர்வர் முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறது: ரிலே மறுக்கப்பட்டது. கிளை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அனுப்பினபோது வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்ட அதே சர்வர்.

டைப்பிங் பிரிவுத் தலைவி நேற்று சொல்லிவிட்டாள். "வீட்ல இருந்து போகலைன்னா சீட்டுக்கு வந்துடுங்க. நான் என்ன பண்றது." நான் சீட்டுக்குப் போனால் பகலில் அவரை யார் புரட்டிப் படுக்க வைப்பார்கள்? முதுகில் ஒரு புண் இப்போதே வாய் திறந்திருக்கிறது. தலைமை ஆஸ்பத்திரியில் சர்வர் ரூம் சாவி உன் இடுப்பில்தானே தொங்குகிறது. அக்காவுக்கு ஒரு கதவைத் திறந்துவிடக் கூடாதா?

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

என் கையெழுத்தைப் படிக்கக் கண்ணாடி வேண்டும் என்று நீ சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

சர்வர் மேல் கோபப்படாதே. அதைத் தபால்காரன் என்று வைத்துக்கொள். அவன் இரண்டு வகைக் கடிதத்தைத்தான் தொட வேண்டும். நம் ஆட்கள் வெளியே அனுப்புவது, வெளியாட்கள் நமக்கு அனுப்புவது. முன்பின் தெரியாத ஒருவன் முன்பின் தெரியாத இன்னொருவனுக்கு எழுதியதை இவன் சுமக்கக் கூடாது. சுமக்க ஆரம்பித்தால் உலகத்தில் உள்ள குப்பை விளம்பரக்காரன் அத்தனை பேரும் மூட்டையை இவன் தலையில் ஏற்றிவிடுவான். போய்ச் சேரும் இடத்தில் தெரிவது நம் ஆஸ்பத்திரியின் பெயர்தான். இப்படிச் சுமந்துகொண்டு போவதற்குத்தான் ரிலே என்று பெயர்.

நம் ஆள் யார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நம் கட்டடங்களுக்குள் இருக்கும் கணினிகளின் நெட் எண்களை எழுதி வைத்திருக்கிறேன். அந்த எண்ணிலிருந்து வந்தால் நம் ஆள். நீ வீட்டிலிருந்து வந்தால் நீ யாரோ.

இதற்குச் சரியான வழி பாஸ்வேர்ட். எங்கிருந்து வந்தாலும் பெயரும் பாஸ்வேர்டும் சொன்னால் நம் ஆள். அதை வைக்கலாம் என்று கண்காணிப்பாளரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. "ஓடிட்டு இருக்கறதை எதுக்குக் கிளறணும்" என்கிறார். மறுபடி கேட்கிறேன்.

அதுவரைக்கும், செய்யக் கூடாத ஒன்றைச் செய்திருக்கிறேன். உன் வீட்டு நெட் எண் நீ இணையும்போதெல்லாம் மாறுகிறது. எதை என்று எழுதி வைப்பது? அதனால் உன் நெட் கம்பெனி அந்தப் பக்கத்துக்குக் கொடுக்கும் எண்கள் அத்தனையையும் நம் ஆள் என்று எழுதிவிட்டேன். உன் ஒருத்திக்காக முன்பின் தெரியாத எத்தனையோ வீடுகளுக்கு ஆஸ்பத்திரிக் கதவு திறந்து கிடக்கிறது. அவர்களுக்குத் தெரியாது, தெரியாத வரை ஆபத்தில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் முடியாது என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். யாரிடமும் மூச்சு விடாதே.

அத்தானை மணிக்கொரு தரம் புரட்டு. புண்ணுக்குக் காற்று பட வேண்டும்.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

போகிறது. ஒரு தடையும் இல்லை. தலைவியின் வாய் அடைத்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டுக்கொண்டேன். ஒரு ரிப்போர்ட் அடிப்பது, எழுந்து அவரைப் புரட்டுவது, மறுபடி உட்காருவது. புண் ஆறத் தொடங்கியிருக்கிறது. நேற்று அவராகவே, "இந்த டாக்டர் ஏன் மூக்கால பேசறான், உனக்கு எப்படிப் புரியுது" என்று கேட்டார். ஒரு காதுக் குமிழை அவர் காதில் வைத்துக் காட்டினேன். விழுந்த பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

இங்கே எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். முகம் பார்த்ததில்லை. பக்கத்து ஊர் மருத்துவ மையத்தில் பதிவு மேசையில் இருக்கிறாள். காலையில் வரும் ரிப்போர்ட்டுகளை அச்செடுத்து டாக்டர் மேசையில் வைப்பது அவள் வேலை. ஒரு சொல் புரியாவிட்டால் உடனே போன். சொல் ஒரு நிமிஷம், கதை அரை மணி. அவளுக்கு நான் "டைப் அக்கா". நான் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறேன், நிறுத்தக் குமிழ் இல்லாத ரேடியோ. உன் அத்தானுக்கும் அவளைப் பிடித்துவிட்டது, போன் வந்தால் ஸ்பீக்கரில் போடு என்கிறார். தன் தங்கையின் மாமியார் மாதிரி பேசிக்காட்டுவாள், வயிறு வலிக்கும்.

நீ திறந்துவிட்ட கதவால்தான் இந்த வீட்டில் காற்று வருகிறது. அந்தப் பாஸ்வேர்டை மறந்துவிடாதே. நீ 'செய்யக் கூடாத ஒன்று' என்று எழுதியது மனதில் முள்ளாக நிற்கிறது.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

கதவை மூடிவிட்டேன். நீ இப்போது அனுப்பினால் மறுபடி மறுக்கும். கூடவே ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் உள்ளபடி உன் கணினியில் பெயரும் பாஸ்வேர்டும் போட்டுக்கொள், சரியாகப் போகும். ஆம், பாஸ்வேர்ட் வந்துவிட்டது. கண்காணிப்பாளரைக் கேட்காமல் நானே வைத்துவிட்டேன். முதலிலேயே கேட்காமல் வைத்திருக்க வேண்டும்.

நடந்தது இது. உன் பக்கத்து எண்களில் எவனோ ஒருவன், அல்லது எவன் கணினிக்குள்ளோ புகுந்த வேறொருவன், திறந்த கதவைக் கண்டுபிடித்துவிட்டான். ஆஸ்பத்திரியின் பெயரில் வழுக்கைக்கு மருந்து, கடனுக்கு வழி, இன்னும் எழுத முடியாதவை, லட்சக் கணக்கில். நம் சர்வர் இந்த மாதத் தொடக்கத்திலேயே கறுப்புப் பட்டியலில் ஏறியிருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்க்கும் சர்வர்கள் நாம் என்ன அனுப்பினாலும் வாங்குவதில்லை, குப்பையும் சரி, ரிப்போர்ட்டும் சரி.

வாங்க மறுத்தால் 'சேரவில்லை' என்று திருப்பி அனுப்புவார்களே என்று கேட்பாய். அனுப்பினார்கள். திருட்டுப் பயல்கள் குப்பையை அனுப்பியதே நம் ரிப்போர்ட் முகவரியின் பெயரில். அதனால் திரும்பி வந்த குப்பையெல்லாம் அந்தப் பெட்டியில் கொட்டி, பெட்டி நிரம்பி, சர்வரே மூச்சு முட்டி நின்றது. திரும்பி வருவதை எல்லாம் பார்க்காமல் தூக்கி எறி என்று போன வாரம் ஒரு விதி போட்டேன். அதனால் எந்த ரிப்போர்ட் போனது, எது போகவில்லை என்று இப்போது பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. லாக்கைத் தோண்டினால் தெரியும். சர்வர் தான் செய்வதை வரி வரியாக எழுதி வைக்கும் கோப்பு அது. மலை மாதிரி கிடக்கிறது.

மையங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள் என்று கண்காணிப்பாளரிடம் சொன்னேன். "பட்டியல்ல இருந்து எடுக்கச் சொல்லி எழுதியாச்சுல்ல, ரெண்டு நாள்ல சரியாயிடும். எதுக்கு ஊரைக் கூட்டணும்" என்றார். உனக்காவது சொல்லலாம் என்று போனை எடுத்துப் பாதி எண்ணை அழுத்தினேன். வேலை விஷயம் போனில் வேண்டாம் என்று நீ எழுதியது ஞாபகம் வந்து வைத்துவிட்டேன். இது வந்ததும், அவசரமாக எதையாவது அனுப்பியிருந்தால் அந்த மையத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

தம்பி


ஜூலை 18

தம்பி,

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. நின்றபடியே படித்தேன். படித்ததும் இந்த மாதம் அனுப்பியதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

இந்த மாதம் அவசரம் என்று போட்டு நான் அனுப்பியது ஒன்றே ஒன்று. ஒரு தச்சர். முதுகு வலி என்று ரேடியோவின் மையத்துக்குப் போயிருக்கிறார், அவர்கள் ஸ்கேனுக்கு எங்கள் கிளைக்கு அனுப்பியிருக்கிறார்கள். குனிந்து குனிந்து இழைக்கிறவருக்கு முதுகு வலிக்காமல் என்ன என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஸ்கேன் டாக்டர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம், கண்டவுடன் அறுவைச் சிகிச்சைக்குத் திருப்பி அனுப்பவும். அவசரத்தைச் சிவப்பில் போட்டு ஒன்பதாம் தேதி அனுப்பினேன். அனுப்பப்பட்டது என்று திரையில் வந்தது.

ரேடியோவுக்குப் போன் போட்டேன். "அந்தத் தச்சரா? அவரு முந்தாநாள் போயிட்டாரேக்கா. பட்டறையிலேயே விழுந்துட்டாராம். பாவம், சின்னச் சின்னப் பசங்க." ரிப்போர்ட் வந்ததா என்று கேட்டேன். "எந்த ரிப்போர்ட்டு? வந்திருந்தா டாக்டர் மேசையில வெச்சிருப்பேனே. வந்தா கூப்பிடறோம்னு சொல்லி அனுப்பினோம், வரவே இல்ல, சரி ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டோம்." அவளுக்கு முன்னால் நான் போனை வைத்தது நேற்றுத்தான் முதல் தடவை.

முந்தாநாள் என்றால் பதினைந்து. நீ எழுதியது பதினாலு. போனில் சொல்லியிருந்தால் நான் அந்த நிமிஷமே ரேடியோவைக் கூப்பிட்டிருப்பேன், அவள் ஓடிப்போயாவது அவரை இழுத்துக்கொண்டு வந்திருப்பாள். பாதி எண்ணை அழுத்திவிட்டு வைத்தாயாம். போன் வேண்டாம் என்று சொன்னது நான்தான், தெரியும். எந்தச் சொல்லை எப்போது மீற வேண்டும் என்று இத்தனை வயதில் உனக்குத் தெரிய வேண்டாமா?

அவர் கட்டிலில் படுத்தபடி என் முகத்தையே பார்க்கிறார். என்ன என்று கேட்கிறார். ஒன்றுமில்லை என்கிறேன்.

அக்கா


ஜூலை 25

அக்காவுக்கு,

நீ திட்டியது சரி.

லாக்கைத் தோண்டினேன். தச்சரின் ரிப்போர்ட்டுக்கு இரண்டு வரி இருக்கிறது. முதல் வரி, உன் வீட்டு எண்ணிலிருந்து மெயில் பெறப்பட்டது, வெளியே அனுப்பப்படுகிறது. இரண்டாவது வரி, மையத்தின் சர்வர் வாங்க மறுத்தது, காரணம் கறுப்புப் பட்டியல், அனுப்பியவருக்கே திருப்பப்பட்டது. திரும்பியது நான் போட்ட விதியில் விழுந்து குப்பைக்குப் போய்விட்டது.

தச்சரின் வீட்டார் மையத்தின் மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். மையம் எங்களைக் கேட்டது. கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "அனுப்பினோமா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றார். நான் முதல் வரியை அச்செடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதானா என்று அவர் கேட்கவில்லை. நானும் நின்று சொல்லவில்லை. அவர் அதில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். இப்போது மையத்து டாக்டர் சொல்கிறார், ரிப்போர்ட் வந்திருக்கிறது, பதிவு மேசைப் பெண்தான் எடுத்து வைக்காமல் விட்டிருக்கிறாள் என்று. உன் ரேடியோதான் அது. அவள் மேல் விசாரணை போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது வரியைக் கொடுத்தால் அவள் தப்பித்துவிடுவாள். உடனே கேட்பார்கள், பட்டியலில் ஏன் ஏறியது? கதவு திறந்திருந்தது. யார் திறந்தது? யாருக்காக? மூன்றாவது கேள்வியில் உன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். என் வேலை போவது இருக்கட்டும், வீட்டில் உட்கார்ந்து டைப் அடிக்கும் ஏற்பாட்டை அன்றைக்கே மூடிவிடுவார்கள்.

லாக்கை சர்வர் ஆகஸ்ட் கடைசி வரைதான் வைத்திருக்கும். அதற்கப்புறம் தானாக அழித்துவிடும். நான் கை வைக்க வேண்டியதே இல்லை.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ கொடு என்றால் கொடுக்கிறேன். வேண்டாம் என்றால் இல்லை.

தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

வேண்டாம்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு எழுந்து போய் அவரைப் புரட்டிவிட்டு வந்தேன்.

தச்சர் போய்விட்டார். இரண்டாவது வரியைக் காட்டினால் அவர் எழுந்து வரப் போவதில்லை. ரேடியோவுக்குக் கையும் காலும் இருக்கிறது, வாயும் இருக்கிறது, இந்த இடம் இல்லாவிட்டால் இன்னொரு இடம். இவருக்கு என்ன இருக்கிறது? நேற்று முதுகைத் துடைத்தேன், புண் முழுக்க மூடிவிட்டது, புதுத் தோல் வந்திருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தேன். நான் சீட்டுக்குப் போனால் ஒரு மாதத்தில் அது மறுபடி வாயைத் திறக்கும். உள்ளே எலும்பு வரை போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போனால் என்ன ஆகும் என்பதையும் நான் தினமும் டைப் அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீயாக எதையும் அழிக்காதே. பொய்யும் சொல்லாதே. சும்மா இரு, அவ்வளவுதான் கேட்கிறேன்.

முந்தாநாள் ரேடியோ கூப்பிட்டாள். "அக்கா, நீங்க அனுப்பினீங்கன்னு பேப்பர் காட்டறாங்க. நெசமாவே அனுப்பினீங்களா?" அனுப்பினேன் என்றேன். பொய் இல்லை. "அப்ப எங்கதான் போச்சு? நான்தான் எங்கயாவது தவற விட்டுட்டேனா? எனக்கு ஞாபகமே இல்லையேக்கா" என்றாள். எனக்குத் தெரியாதும்மா என்றேன். ஸ்பீக்கரில் போடு என்று அவர் கை காட்டினார். போடவில்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

அக்கா


செப்டம்பர் 2

அக்காவுக்கு,

லாக் போய்விட்டது. நீ சொன்னபடி சும்மா இருந்தேன்.

அந்தப் பெண்ணை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். கவனக் குறைவால் ஓர் உயிர் போனது என்று காரணம் எழுதியிருக்கிறார்கள், இனி வேறு எந்த மையமும் சேர்த்துக்கொள்ளாது. உத்தரவின் நகல் இங்கேயும் வந்தது. அதோடு நான் அச்செடுத்த முதல் வரியைப் பின் அடித்து வைத்திருக்கிறார்கள்.

சர்வர் இப்போது நன்றாக ஓடுகிறது. பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். கண்காணிப்பாளர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். அத்தானுக்கு எப்படி இருக்கிறது?

தம்பி


செப்டம்பர் 19

தம்பி,

நேற்று எனக்கு வந்த பதிவுகளில் ஒன்று, வார்டு டாக்டருடையது. மூக்கால் பேசுகிறவர். முப்பத்தாறு வயதுப் பெண். உணவு எடுக்காமல் வீட்டில் மயங்கி விழுந்த நிலையில் தங்கை அழைத்து வந்தார். மருத்துவ மையம் ஒன்றில் பதிவுப் பணியில் இருந்து நீக்கப்பட்டவர். இறந்த ஒருவரின் உறவினர்கள் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டதாகத் தங்கை கூறுகிறார். அதன் பிறகு வெளியே வருவதில்லை. தொண்டையில் கோளாறு இல்லை. நோயாளி பேச மறுக்கிறார்.

கடைசி வரியில் என் கை நின்றுவிட்டது. பின்னால் தள்ளி மறுபடி கேட்டேன். நோயாளி பேச மறுக்கிறார். டாக்டர் அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார். எனக்கு அதற்கு மேல் கேட்க முடியவில்லை. அந்த வாயா பேச மறுக்கிறது? நிறுத்தக் குமிழ் இல்லை என்று கிண்டல் பண்ணினேனே.

அடித்து முடித்தேன். பிழை பார்த்தேன். அனுப்பினேன். பாவி, உன் சர்வர் கண் இமைக்கும் நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கதவு, குப்பை, தச்சர், இரண்டு வரி, உன்னைச் சும்மா இருக்கச் சொன்னது. முழுக்கக் கேட்டார். அப்புறம், "என் முதுகைக் காட்டித்தான இதைப் பண்ணினே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா" என்றார். கேட்கவில்லை.

நான் உன்னைக் கேட்கிறேன், மறைக்காமல் சொல். ஒடிந்த பென்சிலைக்கூடத் தூக்கி எறியாமல் டப்பாவில் போட்டு வைக்கிற பயல் நீ. அந்த வரியை நிஜமாகவே போகவிட்டாயா?

அக்கா


செப்டம்பர் 24

அக்காவுக்கு,

போகவிடவில்லை. இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். இரண்டு வரியும் இருக்கிறது.

உனக்கு முதலில் எழுதினேனே, கொடு என்றால் கொடுக்கிறேன் என்று, அன்றைக்கே அச்செடுத்துவிட்டேன். கோப்பையும் தனியாக நகல் எடுத்து வைத்தேன். நீ வேண்டாம் என்றாய். சரி, அக்கா மனசு மாறும், மாறினால் கொடுக்கலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். நீ கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உனக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்காகவும்தான் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

உன் கடிதம் வந்த அன்றே கண்காணிப்பாளரிடம் இதன் ஒரு நகலைக் கொடுத்தேன். கதவைத் திறந்தது நான், என் அக்காவுக்காக என்றும் சொன்னேன். இரண்டு வரியையும் படித்தார். "விசாரணை முடிஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு நம்ம ஆளு கூட இல்ல. இப்ப இதைக் கிளறினா செத்தவங்க வீட்டுக்காரங்க நம்ம வாசலுக்கு வருவாங்க" என்றார். தாளை என்னிடமே திருப்பி நீட்டினார். நான் வாங்காமல் வந்துவிட்டேன். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. சர்வர் ரூம் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

இங்கே வழி இல்லை. நீதான் அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதை வைத்து அவள் யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். நான் வந்து சாட்சி சொல்கிறேன்.

தம்பி


அக்டோபர் 1

தம்பிக்கு,

பக்கத்து வீட்டு அம்மாவை அவரோடு உட்கார வைத்துவிட்டு வார்டுக்குப் போனேன். புறப்படும் முன் நீ அனுப்பிய தாளின் அடியில், என் கையால், கதவு ஏன் திறந்தது, யாருக்காகத் திறந்தது, யார் திறந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டைப் அடிக்கவில்லை.

குள்ளமாக இருக்கிறாள். குரலை வைத்து நான் நெட்டையான ஆள் என்று நினைத்திருந்தேன். ஜன்னல் பக்கத்துக் கட்டில். தங்கை ரொட்டியைப் பாலில் நனைத்து வாயருகே நீட்டிக்கொண்டிருந்தாள், இவள் வாயைத் திறக்கவில்லை. நான் டைப் அக்கா என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு நொடி சந்தோஷம் வந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

தாளைக் கொடுத்தேன். நீ தவற விடலைம்மா, உங்கிட்ட வரவே இல்ல, இது இரண்டாவது வரி, பார் என்றேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். நான் கையால் எழுதியதையும் படித்தாள். தங்கை எட்டிப் பார்த்துவிட்டு அழுதாள். இவள் அழவில்லை. விரல் தாளின் மேல் ஓரத்துக்குப் போனது. அங்கே நீ அச்செடுத்த தேதி இருக்கிறது, ஜூலை 25. மிஷின் தானாகப் போட்டிருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை.

பேசினாள். குரல் துருப்பிடித்திருந்தது.

"இது எத்தனை நாளாக்கா உங்ககிட்ட இருக்கு?"

இந்தத் தாள் போன வாரம்தான் என் கைக்கு வந்தது. அதைத்தான் சொல்ல வாய் வந்தது. அதுவும் பொய் இல்லை, அதுவும் ஒரு முதல் வரிதான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், "தாள் போன வாரம் வந்துச்சு. விஷயம் எனக்கு ஜூலையிலயே தெரியும். நீ போன்ல கேட்டியே, அன்னிக்குத் தெரியும்."

அவள் தாளை மடித்தாள். மறுபடி ஒரு மடிப்பு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் நின்றேன். தங்கை, "நீங்க கிளம்புங்க" என்றாள். அவர்கள் அதை வக்கீலிடம் கொண்டு போவார்கள். போகட்டும். டைப்பிங் பிரிவுத் தலைவியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். திங்கள்கிழமையிலிருந்து சீட்டுக்கு வா என்றாள், அதுவும் விசாரணை முடியும் வரைதானாம்.

வீட்டுக்கு வந்து அவரைப் புரட்டினேன். பகலில் பக்கத்து வீட்டு அம்மா ஒரு தடவை வந்து புரட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை போதாது. அவருக்கும் தெரியும். ரேடியோ என்ன சொன்னாள் என்று கேட்டார், சொன்னேன்.

இனிமேல் எதுவானாலும் போனிலேயே சொல். அவர் காதில் விழுந்தால் விழட்டும்.

அக்கா